வண்டிச் சாவிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா: பழைய பிலிம் கேமராவில் வீட்டைப் படம் எடுக்கும் விதம்

எங்கள் வீட்டு ஹாலில் வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி இருக்கிறது. அதில் ஒரு பென்டாக்ஸ் கே1000 கேமரா தொங்கும். உள்ளே எப்போதும் பிலிம் இருக்கும். பழைய கேமராவில் வீட்டு ஆட்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டு என்னிடம் வழி கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இந்த ஆணியை அடியுங்கள் என்பதுதான். லென்ஸ், பிலிம், மருந்து எல்லாம் அப்புறம். கேமரா பீரோவுக்குள், பைக்குள், தோல் உறைக்குள் இருந்தால், அதை வெளியே எடுப்பதற்குள் மகளுக்குத் தலை பின்னி முடிந்து பள்ளி வேனும் வந்துவிடும்.

ஆணி ஐந்தரை அடிக்கு மேலே இருக்கட்டும். என்னுடையது முதலில் நான்கடியில் இருந்தது. பையனுக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 14 படம் எடுத்திருந்த ரோலை வெளிச்சத்தில் காட்டியபடி பின்மூடியைத் திறந்துகொண்டு நின்றான். "உள்ள போட்டோ வந்துருச்சான்னு பாத்தேன்மா" என்றான். திட்டவும் முடியவில்லை. அந்த ரோலை எறியாமல் வைத்திருந்தேன். பிறகு அது எதற்கு உதவியது என்று கீழே சொல்கிறேன்.

நான் கோயமுத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். போட்டோ படித்தவள் இல்லை. இந்தக் கிறுக்கு எனக்கு மாமனார் வழியில் வந்தது. அவர் போனபின் ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, ஒரு தகர டிரங்குப் பெட்டியில் அவருடைய அக்ஃபா கிளிக் 3 கிடைத்தது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த கேமரா. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் கேமரா என்றால் இதுதான். கூடவே ஒரு காலி பிலிம் டப்பா. மேலே 'இந்து' என்று பெயர். இந்து என்றால் நிலா. ஊட்டியில் 1960-இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த கருப்பு வெள்ளை பிலிம் அது. தொழிற்சாலை மூடிப் பல வருஷமாகிறது. டப்பாவை மட்டும் அத்தை தர மறுத்துவிட்டார். அதில் இப்போது ஊக்கும் பட்டனும் போட்டு வைத்திருக்கிறார்.

முதல் ரோலை அந்தக் கிளிக்கிலேயே போட்டேன். அதற்கு வேண்டிய 120 பிலிம் இன்றும் கிடைக்கிறது. ஒரு ரோலுக்குச் சதுரமாக 12 படம். கழுவி வந்தபோது வாசலில் எடுத்த 5 படங்களும் நன்றாக இருந்தன. வீட்டுக்குள் எடுத்த 7 இடத்தில் நெகட்டிவ் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. கிளிக் போன்ற பெட்டிக் கேமராக்களில் ஷட்டர் வேகத்தை நம்மால் மாற்ற முடியாது, லென்ஸ் வழியாகப் போகும் வெளிச்சமும் குறைவு. அவை வெயிலுக்கென்றே செய்தவை. மாமா எடுத்த படங்களில் எல்லாரும் ஏன் வாசலில், வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் குடும்பத்துக்குச் சமையலறையே இல்லையோ என்று நினைக்கத் தோன்றும், அப்படி ஒரு ஆல்பம்.

அதனால் உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது கிளிக் மாதிரிப் பெட்டிக் கேமரா என்றால் அதைத் தோட்டத்துக்கும் மொட்டைமாடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிவப்புச் சன்னல் இருந்தால், எண்ணைப் பார்த்து பிலிமைச் சுற்றியதும் அதன்மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். சட்டென்று வெளிச்சம் பிடிக்கிற இன்றைய வேகமான பிலிமுக்கு அந்தச் சன்னல் வழி வரும் வெளிச்சமே போதும், கறை விழ. வீட்டுக்குள் எடுக்க வேறு கேமரா வேண்டும்.

வாங்கும்போது

கே1000-ஐ நான் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. 1976 முதல் 1997 வரை செய்தார்கள். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி, உள்ளே வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான்; அது எல்ஆர்44 என்ற பொத்தான் பேட்டரி, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பேட்டரி செத்தாலும் படம் எடுக்கலாம். அணைக்கிற சுவிட்ச் கிடையாது, அதனால் எடுத்து முடித்ததும் லென்ஸுக்கு மூடி போட வேண்டும், இல்லையென்றால் முள் இரவெல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும். இதேபோல நிக்கான் எஃப்எம்10-உம் நம் ஊரில் நிறைய உண்டு, போட்டோ படித்த பிள்ளைகள் விற்றுவிட்டுப் போனவை. எதுவானாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ், அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 2 அல்லது அதைவிடச் சிறிய எண் இருக்கட்டும்; எண் சிறிதானால் உள்ளே விடும் வெளிச்சம் அதிகம்.

ஸ்டூடியோவை மூடிவிட்ட ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அவர் கற்றுக்கொடுத்த சோதனை இது. பின்மூடியைத் திறந்து, கேமராவை ஜன்னல் பக்கம் காட்டி, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அமுக்கிப் பாருங்கள். ஒரு விநாடி என்று வைத்தால் ஒரு விநாடி திறந்திருக்க வேண்டும். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் மெதுவான வேகங்கள்தான் முதலில் திணறும். பிறகு லென்ஸை டார்ச்சுக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடினால் அது பூஞ்சை, விட்டுவிட்டு வாருங்கள். பேட்டரி மூடியைத் திறந்தால் பச்சைப் பூப்பு இருக்கக் கூடாது. பின்மூடி ஓரத்துப் பஞ்சு விரலில் தார் போல ஒட்டினால் அதற்காகப் பயப்பட வேண்டாம். சுரண்டி எடுத்துவிட்டுக் கருப்பு உல்லன் நூலை ஒட்டினால் வெளிச்சம் புகாது. நான் ஒட்டியது மகளின் பள்ளிக் கைவேலைக்கு வாங்கிய நூல்.

36 படமும் போன காதுகுத்து

பிலிம் போடுவது சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். சுலபம்தான். நாத்தனார் மகளுக்குக் குலதெய்வக் கோவிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி என்றால் எங்கள் வீட்டுக்காரர் மடி. மொட்டை போட்டது, சந்தனம் பூசியது, ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது, வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டது எல்லாம் எடுத்தேன். எண்ணி 36. அப்புறம் 37, 38 என்று பிலிமை நகர்த்தும் நெம்புகோல் போய்க்கொண்டே இருந்தது. கூடுதலாக ஒன்றிரண்டு படம் வருவது உண்டு, அதனால் சந்தோஷப்பட்டேன். 41-க்கு வயிற்றைக் கலக்கியது. திறந்து பார்த்தால் பிலிமின் நாக்கு சுருளில் மாட்டவே இல்லை. ரோல் வாங்கினபடியே புத்தம் புதுசு. காசு மிச்சம், காதுகுத்துதான் போச்சு.

இப்போது செய்வது இது. நிழலில் நின்று, பிலிமின் நாக்கை எடுப்புச் சுருளின் பிளவில் செருகி, மூடுவதற்கு முன்பே ஒருமுறை நெம்பிப் பார்க்கிறேன். இரண்டு பக்க ஓட்டைகளிலும் பற்கள் பிடித்திருக்க வேண்டும். மூடிய பிறகு, இடது பக்கத்துத் திருகை அம்பு காட்டும் பக்கமாக மெல்லத் திருப்பித் தொய்வை எடுத்துவிட்டு, அடுத்தமுறை நெம்பும்போது அந்தத் திருகைக் கவனிக்கிறேன். அது தானாகச் சுற்றினால் பிலிம் ஓடுகிறது. சுற்றவில்லை என்றால் ஓடவில்லை. பழைய கேமராக்காரர்கள் கற்க வேண்டிய விஷயங்களில் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் கால் பக்கம் ஒதுக்குவேன்.

இன்னொன்றும் அன்றே முடிவு செய்தேன். விசேஷங்களுக்கு இந்தக் கேமராவை நம்பிப் போவதில்லை. அதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள், ட்ரோன் கூடப் பறக்கிறது. பிலிம் கேமராவுக்கு ஏற்றது செவ்வாய்க்கிழமை. கறிவேப்பிலை உருவுவது, இஸ்திரி போடுவது, பையன் ஒற்றை ஷூவோடு மற்றதைத் தேடுவது. ட்ரோன்காரர் இதற்கெல்லாம் வர மாட்டார். அதோடு இவை நாளைக்கும் நடக்கும், தப்பினால் மறுபடி எடுக்கலாம்.

வீட்டின் வெளிச்சக் கணக்கு

இப்போது நான் சொல்லப்போவதை மட்டும் செய்தால் கூடப் போதும். கேமராவைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் செலவழிப்பதைவிட, உங்கள் வீட்டு வெளிச்சத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் நாம் எடுக்கப்போவது மொத்தம் ஆறேழு இடத்தில்தான். அந்த இடங்களில் வெளிச்சம் தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்துபோகிறது.

ஒரு ஞாயிறு காலை 7 மணிக்கும், பகல் 12-க்கும், சாயங்காலம் 6-க்கும், இரவு விளக்குப் போட்டபிறகும் கேமராவோடு வீட்டைச் சுற்றி வந்தேன். ஒவ்வோர் இடத்திலும் முள் நடுவில் நிற்கும்படி வைத்து, அந்த எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். முள் இல்லாத கேமரா என்றால் போனில் வெளிச்சம் அளக்கும் செயலி போதும். நான் எப்போதும் போடுவது ஐஎஸ்ஓ 400 பிலிம்; ஐஎஸ்ஓ என்பது பிலிம் எவ்வளவு வேகமாக வெளிச்சம் பிடிக்கும் என்பதற்கான எண். என் தாளில் முதலில் ஷட்டர் திறந்திருக்கும் விநாடிக் கணக்கு, பிறகு அபெர்ச்சர் என்று இப்படி இருக்கிறது: வாசல், வெயில், காலை ஒன்பதுக்கு மேல், 1/500, எஃப் 16. போர்டிகோ நிழல், 1/250, எஃப் 5.6. சமையலறை ஜன்னல் ஓரம், காலை எட்டு, 1/60, எஃப் 2.8. மொட்டைமாடி, சூரியன் இறங்கிய கொஞ்ச நேரத்துக்கு, 1/125, எஃப் 2.8. ஹால், டியூப் லைட், 1/30, எஃப் 2, முழங்கையைச் சுவரில் ஊன்று.

தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஒரு காட்சி கண்ணில் பட்டால் கேமராவை ஆணியிலிருந்து எடுக்கும்போதே விரல் ஷட்டர் திருகையும் அபெர்ச்சர் வளையத்தையும் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும். கண்ணில் வைத்தபின் பார்க்க வேண்டியது ஃபோகஸ் ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு உங்கள் எண்கள் வரும். வடக்குப் பார்த்த வாசலா, பக்கத்து வீட்டு மாடி எவ்வளவு மறைக்கிறது என்பதைப் பொறுத்தது. வெயில் கணக்கு மட்டும் எல்லாருக்கும் பொது: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் வேகம். 400 பிலிமுக்கு 1/500. 100 பிலிமுக்கு 1/125.

முள் ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. அதற்கு ஆள் யார், வேட்டி எது என்று தெரியாது. பார்ப்பதெல்லாம் சாம்பல் நிறம் என்று நினைத்து அளக்கும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் சுண்ணாம்புச் சுவர் முன்னால் உட்கார்ந்தால் முள் சொல்கிறபடி எடுத்தால் முகம் கருத்துவிடும். வாசற்படியில் நிற்பவரை உள்ளேயிருந்து எடுத்தாலும் அதே கதை. இதற்கு என் வழி, உள்ளங்கை. அவர் முகத்தில் விழுகிற அதே வெளிச்சத்தில் என் உள்ளங்கையைப் பிடித்து, வியூஃபைண்டர் முழுக்க அது நிறையும்படி பக்கத்தில் வைத்து அளப்பேன். மாநிறமோ கருப்போ, எல்லாருடைய உள்ளங்கையும் சாம்பலைவிட வெளிறியதுதான். அதனால் வந்த எண்ணிலிருந்து ஒரு படி, அதாவது இரண்டு மடங்கு, கூடுதலாக வெளிச்சம் விடுவேன். எஃப் 5.6 என்றால் எஃப் 4. முகம் சரியாக வரும், வாசலுக்கு வெளியே தெரு வெளுத்துப் போகும். போகட்டும், தெருவை யார் பார்க்கப் போகிறார்கள்.

சந்தேகம் வந்தால் வெளிச்சம் கூடுகிற பக்கம் சாயுங்கள். செல்போனில் வெளுத்தால் திரும்ப வராது. நெகட்டிவ் பிலிம் அதற்கு நேர்மாறு, ஒரு படி இரண்டு படி கூடினாலும் தாங்கும், குறைந்தால்தான் நிழலில் ஒன்றுமே இருக்காது.

ஆத்தாவை எடுப்பது

பிள்ளைகளை எடுப்பதில் சிரமம் ஓட்டம்தான். அவர்கள் பின்னால் ஃபோகஸைத் திருகிக்கொண்டு ஓட முடியாது. வெளிச்சமான இடமென்றால் எஃப் 8 வைத்து, ஃபோகஸை இரண்டு மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஐந்தரை அடியிலிருந்து எட்டடி வரை எது வந்தாலும் தெளிவாக இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் பிள்ளை, அவ்வளவு தூரம். இருட்டில் எஃப் 2 என்றால் அந்தச் சலுகை இல்லை. தெளிவாக இருப்பது ஒரு சாண் ஆழம்தான், கண்ணுக்கு வைத்தால் காது மங்கும். அந்த மாதிரி நேரத்தில் அசையாத வேலையை எடுங்கள். வீட்டுப்பாடம், பல்லாங்குழி, தூக்கம்.

பெரியவர்கள் விஷயம் வேறு. என் பிள்ளைகள் ஆத்தா என்று கூப்பிடுவது என் மாமியாரை. அவருக்குப் போட்டோ என்றால் எழுந்து நிற்க வேண்டும், முந்தானையைச் சரி செய்ய வேண்டும், கையிரண்டும் கீழே தொங்க வேண்டும், சிரிக்கக் கூடாது. "இயல்பா இருங்க அத்தை" என்று கெஞ்சிப் பார்த்து, ஒரு ரோலையே வீணாக்கினேன். சொன்னதும் இன்னும் விறைப்பார். ஊரில் ஸ்டூடியோவுக்குப் போய், திரை முன்னால் மூச்சைப் பிடித்து நின்று வளர்ந்த தலைமுறை. அவர்களுக்கு அதுதான் இயல்பு.

ஒருநாள் விட்டுக்கொடுத்துவிட்டேன். அவர் நின்றபடியே ஒன்று எடுத்தேன். ஷட்டர் சத்தம் கேட்டதும், "ஆச்சா கண்ணு?" என்று மூச்சை விட்டு, திண்ணையில் சாய்ந்து, கால் மேல் விழுந்த வெயிலைத் தேய்த்துக்கொண்டார். நான் நெம்பிவிட்டு அடுத்ததை அமுக்கினேன். அதிலிருந்து எனக்கு அதுவே முறை. முதல் படம் அவர் இஷ்டப்படி, மரியாதையாக. இரண்டாவது, 'ஆச்சா'வுக்கு அப்புறம். முதல் படத்தைப் பொய்யாக எடுக்காதீர்கள், கேமராவைச் சும்மா அமுக்கி ஏமாற்றாதீர்கள். அதற்கும் பிலிம் செலவு செய்யுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

செலவு என்றதும் நினைவு வருகிறது. கலர் ரோல் விலை, கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்ந்து எனக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு படத்துக்கு முப்பது ரூபாய்க்கு மேல். மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, விருந்தாளி வந்தால் இரண்டு. கணக்காக இருந்தால்தான் வீட்டில் பேச்சு வராது.

கழுவுவது

கலர் ரோலை நான் வீட்டில் கழுவுவதில்லை. அதற்கான சி-41 முறையில் மருந்து 38 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும். ஊரிலேயே ஒரு கடையில் கொடுத்தேன், பழைய மருந்தில் முக்கி எல்லா முகத்தையும் ஊதாவாக்கித் தந்தார்கள். இப்போது பெருநகர லேபுக்குக் கூரியரில் அனுப்புகிறேன். தினமும் பிலிம் கழுவுகிற லேபா என்று கேட்டு அனுப்புங்கள், விலையைவிட அதுதான் முக்கியம்.

கருப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாம், சமையல் தெரிந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இருட்டு வேண்டியது ரோலைச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டேங்க்குக்குள் அடைக்கிற ஐந்து பத்து நிமிஷத்துக்கு மட்டும். நான் ராத்திரியில் குளியலறையில் செய்கிறேன். கதவிடுக்கில் பவானி ஜமுக்காளத்தை மடித்து வைத்து, பத்து நிமிஷம் இருட்டில் நின்று, எங்காவது வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிலிமைத் தொடுவேன். சுருளில் ஏற்றுவது கைப்பழக்கம். பையன் கெடுத்த அந்த 14 படத்து ரோல் இதற்குத்தான் உதவியது: முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி, பிறகு இருட்டில் என்று ஒரு வாரம் பழகினேன்.

டேங்க் மூடியதும் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். எச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை பிலிமுக்கு, படத்தை வெளியே கொண்டுவரும் டி-76 மருந்தைச் சம அளவு தண்ணீர் கலந்து, 20 டிகிரியில் 11 நிமிஷம். முதல் பத்து விநாடியும், பிறகு ஒவ்வொரு நிமிஷத் தொடக்கத்திலும் பத்து விநாடியும் டேங்க்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நம் ஊரில் சிக்கல் அந்த 20 டிகிரிதான். கோடையில் குழாயைத் திறந்தால் வெந்நீர். மருந்து பாட்டில், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு டப்பில் நிறுத்தி, சுற்றிலும் ஐஸ் கட்டி போட்டு, தெர்மாமீட்டரோடு உட்காருவேன். சூடு இறங்கவே மாட்டேன் என்றால் நேரத்தைக் குறைக்கலாம், ஒரு டிகிரிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஐந்து நிமிஷத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், படம் திட்டுத்திட்டாக வரும். மருந்தைக் கொட்டி, ஒரு நிமிஷம் தண்ணீரில் அலசி, பிறகு படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ மருந்து. எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், லோடு செய்யும்போது வெட்டிய பிலிம் நாக்கை ஹைப்போவில் போட்டுப் பாருங்கள். பால் நிறம் போய்த் தெளிய ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு.

மருந்து கலக்கவும் கடைசி அலசலுக்கும் சிறுவாணித் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் உப்புப் புள்ளி விழும், அத்தையின் கன்னத்தில் அம்மைத் தழும்பு மாதிரி நிற்கும். கடைசித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. துணிக் கிளிப் மாட்டி, மின்விசிறி இல்லாத இடத்தில் காயவிடுங்கள். மருந்துக்கான பாத்திரங்கள் சமையலறைப் பக்கம் வரவே கூடாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, வெள்ளி பிரிக்கிறவர்களிடமோ லேபிலோ கொடுங்கள்.

காப்பியில் கூடக் கழுவலாம். இன்ஸ்டன்ட் காப்பித்தூள், வாஷிங் சோடா, வைட்டமின் சி. ஒரு லிட்டருக்கு நீர்ச்சத்து இல்லாத சோடா 54 கிராம், வைட்டமின் சி 16, காப்பித்தூள் 40. 20 டிகிரியில் 15 நிமிஷம். 100 ஐஎஸ்ஓ பிலிமில் செய்து பார்த்தேன், படம் வந்தது. சோடா கற்கண்டு போலப் படிகமாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், 2.7 மடங்கு எடுக்க வேண்டும். நாற்றம் மூன்று நாள் போகவில்லை. "குடிக்கற காப்பிய கொண்டுபோயி பாத்ரூம்ல ஊத்தறா பாரு" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருமுறை செய்து பார்க்கலாம், வழக்கமாக்க வேண்டாம்.

வைத்துக்கொள்வது

தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்ப்பது அதுதான். மழைக்காலத்தில் கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்துருண்டை போட்ட பீரோ வேண்டாம், அந்த ஆவி லென்ஸில் படியும். பிலிமை பிரிட்ஜில் வைக்கலாம். எடுத்ததும் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் பிலிமை ஒருபோதும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பிரிண்ட் போடுவது

ஸ்கேன் செய்து போனில் வைத்தால் அது இன்னொரு வாட்ஸ்அப் படம். ரோலுக்கு ஐந்து படமாவது போஸ்ட் கார்டு சைஸில் பிரிண்ட் போடுங்கள். ஆல்பத்தில் ஒட்டும்போது கீழே நாளும் இடமும் எழுதுங்கள், மாமாவின் ஆல்பத்தில் அது இல்லாமல் நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. "இது யாரு அத்தை?" என்றால் ஒரே முகத்துக்கு வாரம் ஒரு பெயர் சொல்கிறார். நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி, உறையில் போட்டு, ரோல் எண் எழுதுங்கள். பிரிண்ட் தொலையும், போன் மாறும், நெகட்டிவ் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

போன ஆடி மாதம் ஒரு கத்தைப் பிரிண்ட்டை அத்தையிடம் காட்டினேன். திண்ணையில் சாய்ந்து காலைத் தேய்க்கிற படம் என் பெருமை. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். விறைப்பாக, கை தொங்க, சிரிக்காமல் நிற்கிற முதல் படத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது நல்லாருக்குது கண்ணு. இதைய பத்தரமா எடுத்து வெய்யி. அப்பறம் அந்த நேரத்துல ஆளாளுக்குத் தேடிட்டிருக்க வேண்டாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உறையின் மேல் பென்சிலால் குறித்து வைத்தேன். ரோல் 31, படம் 8.